சித்தூர் எந்தப் பக்கம்? தொகுதி வரைவு வருமுன் பேசி முடிக்க வேண்டிய கணக்கு

கேரளத்துச் சித்தூர்த் தாலுகாவின் கொழிஞ்சாம்பாறையிலிருந்து திருச்சூர் மாவட்டத்துக் குன்னங்குளம் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். நடுவில் பாலக்காட்டு நெல்வயல்கள், குதிரான் மலை, திருச்சூர் நகரம் எல்லாம் வந்து போகின்றன. இரண்டு ஊருக்கும் எம்பி ஒருவரே. 2008இல் ஓட்டப்பாலம் மக்களவைத் தொகுதி மறைந்து ஆலத்தூர் தொகுதி பிறந்தபோது விழுந்த கோடு இது. அந்தக் கோட்டுக்குள் நான்கு மக்களவைத் தேர்தல் முடிந்துவிட்டது. வேலந்தாவளத்திலும் எருத்தேம்பதியிலும் எம்பி அலுவலகம் எங்கே என்று கேட்டால் இன்றும் பலர் யோசித்துத்தான் பதில் சொல்வார்கள்.

நான் சொல்வது தமிழ்நாட்டு எல்லையோரம் நம் தமிழர் வாழும் பாலக்காட்டு மாவட்டத்துச் சித்தூர். ஆந்திரச் சித்தூர் இல்லை. அந்தப் பக்கத்துத் தமிழர் கதையும் இடையில் வரும்.

மக்களவைத் தொகுதிகளின் எண்ணிக்கையை 1976இல் 42ஆம் திருத்தம் உறைய வைத்தது. 84ஆம் திருத்தம் அந்த உறைவை 2026க்குப் பின் நடக்கும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை நீட்டியது. அந்தக் கணக்கெடுப்பின் ஆதார நாள் 2027 மார்ச் 1. அதன் எண்களை வைத்துத் தொகுதி எல்லைகளைப் புதிதாக வரைவதுதான் மறுவரையறை. மாநிலத்துக்கு எத்தனை இடம், தெற்கு இழக்குமா, வடக்கு பெறுமா என்ற பெரிய சண்டை டெல்லியில் நடக்கட்டும். அதில் நமக்கும் அக்கறை உண்டு. ஆனால் சித்தூர்த் தாலுகாக்காரன் எழுதும் மனுவால் அது ஓர் அங்குலம் நகராது. நம் மனுவால் நகரக்கூடியது மாநிலத்துக்குள் கோடு எங்கே விழுகிறது என்பது மட்டும். 2008இலும் கேரளத்துக்கு அதே 20 இடம்தான் இருந்தது. ஆனால் முகுந்தபுரம், அடூர், ஓட்டப்பாலம், சிறயின்கீழ், மூவாற்றுப்புழை, மஞ்சேரி என ஆறு தொகுதிப் பெயர்கள் வரைபடத்திலிருந்தே போய்விட்டன.

மறுவரையறை ஆணையத்தின் வரைவு வெளியானதும் எதிர்ப்பதா ஏற்பதா என்று பேசத் தொடங்கினால் நேரம் போதாது. ஜம்மு காஷ்மீரில் 2022 மார்ச் 14 அன்று வரைவு வெளியானது. ஆட்சேபணை தெரிவிக்க மார்ச் 21 வரை, அதாவது ஒரே வாரம் கொடுத்தார்கள். அசாமில் 2023 ஜூன் 20 வரைவுக்கு ஜூலை 11 கடைசி நாள். 2024 நவம்பரில் கேரளத்தில் உள்ளாட்சி வார்டுகளை மறுவரையறை செய்தபோதும் ஏறத்தாழ இரண்டு வாரம்தான். அதனால் எதைக் கேட்பது என்பதை இப்போதே தீர்மானித்து வைப்பது நல்லது. என் கணக்கில் மூன்று வழிகள் தெரிகின்றன.

வழிகளை எடைபோடுமுன் தராசைப் பார்த்துவிடுவோம். 2002ஆம் ஆண்டு மறுவரையறைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு சொல்வது இவ்வளவுதான்: தொகுதி நிலப்பரப்பில் ஒட்டிக் கிடக்க வேண்டும், மலை, ஆறு போன்ற இயற்கை அமைப்பு, இருக்கும் நிர்வாக எல்லைகள், போக்குவரத்து வசதி, மக்களின் வசதி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும், ஒரு சட்டமன்றத் தொகுதி முழுவதும் ஒரே மக்களவைத் தொகுதிக்குள் அடங்க வேண்டும், பட்டியல் சாதியினருக்கான இடங்கள் அவர்கள் விகிதம் கூடுதலாக உள்ள பகுதிகளில், மாநிலத்தின் பல பக்கங்களிலும் பரவி இருக்க வேண்டும். இதற்கு மேல், 2008 கோடுகளை வரைந்த நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையம் சராசரி மக்கள்தொகையிலிருந்து பத்து சதவீதம் கூடலாம், குறையலாம் என்று எல்லை வைத்துக்கொண்டது.

மொழி அந்தப் பட்டியலில் இல்லை. கொழிஞ்சாம்பாறையில் தமிழ்ப் பள்ளிக்கூடம் இருக்கலாம், கேரள அரசு நம்மை மொழிச் சிறுபான்மையினராக ஏற்றிருக்கலாம். ஆணையத்தின் மேசையில் அதற்கென்று தனி எடைக்கல் கிடையாது. "தமிழர் பகுதியைப் பிரிக்காதே" என்ற ஒற்றை வரியில் மனு எழுதினால் அது கோப்பில் படுத்துவிடும். தண்ணீர், சாலை, பஞ்சாயத்து எல்லை என்று எழுத வேண்டும். மூன்று வழிகளையும் நான் பார்ப்பது இந்தக் கண்ணோடுதான்.

இனி எண்ணிக்கை. 2001 கணக்கெடுப்பில் கேரளம் 3.18 கோடி, 140 சட்டமன்றத் தொகுதிக்கு வகுத்தால் சராசரி 2.27 லட்சம். பாலக்காடு மாவட்டத்தின் 26.17 லட்சத்துக்கு 11.5 வந்தது, 12 இடம் கிடைத்தது. முன்பு 11. அந்தப் பன்னிரண்டும் ஒரே மக்களவைத் தொகுதியில் அடங்காது. கேரளத்தில் ஏழு சட்டமன்றத் தொகுதி சேர்ந்தால் ஒரு மக்களவைத் தொகுதி. திருத்தாலை பொன்னானிக்குப் போனது. பட்டாம்பி, ஷொர்ணூர், ஓட்டப்பாலம், கோங்காடு, மண்ணார்க்காடு, மலம்புழை, பாலக்காடு என ஏழும் பாலக்காடு ஆயின. மிஞ்சியவை சித்தூர், நெம்மாரை, ஆலத்தூர், தரூர். ஏழு ஆவதற்கு மூன்று குறைந்தது. திருச்சூர் மாவட்டத்திலிருந்து சேலக்கரை, வடக்காஞ்சேரி, குன்னங்குளம் ஆகியவற்றை இழுத்து ஒட்டினார்கள். நம்மை யாரும் வேண்டுமென்றே குன்னங்குளத்தோடு கட்டவில்லை. ஏழு என்ற எண்தான் கட்டியது. இதைப் புரிந்துகொள்ளாமல் சதி, வஞ்சனை என்று பேசும் கூட்டங்களை நானும் கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சு மனுவாக மாறாது.

முதல் வழி, இருக்கிறபடியே விடுவது. இதைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்க முடியாது. ஆலத்தூர் தனித்தொகுதி, பாலக்காடு மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் 2011 கணக்கில் 14 சதவீதத்துக்கு மேல், கேரளச் சராசரியோ 9.1. சித்தூர்த் தாலுகாவின் தென்னந்தோப்புகளிலும் வயல்களிலும் கூலி வேலை செய்யும் குடும்பங்களின் குரல் நாடாளுமன்றத்துக்குப் போக இந்த ஒதுக்கீடு ஒரு வாசல். நெம்மாரை, ஆலத்தூர், சித்தூர் மூன்றும் விவசாயம். கடன், நெல் கொள்முதல், காட்டுப்பன்றி என்று பேசினால் மூன்று தொகுதிக்கும் பொது. இடைஞ்சல் மேற்கில்தான். குன்னங்குளம் அச்சுத் தொழிலுக்கும் நோட்டுப் புத்தகத்துக்கும் பேர்போன ஊர். அங்கே ஓட்டுக் கேட்கிறவருக்கு ஆழியாற்றுத் தண்ணீர் ஒரு விஷயமே இல்லை.

நமக்கோ அதுதான் விஷயம். பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தத்தில் 1970இல் கையெழுத்தானது; அதன்படி மணக்கடவு அணைக்கட்டில் சித்தூர்ப்புழை ஆயக்கட்டுக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி வர வேண்டும். ஒவ்வொரு கோடையிலும் வந்ததா வரவில்லையா என்ற வழக்கு மூலத்தறைத் தடுப்பணையில் தொடங்கித் திருவனந்தபுரம், சென்னை வரை போகிறது. இரண்டு மாநிலங்களுக்கு இடைப்பட்ட விவகாரம் என்பதால் இதில் எம்எல்ஏ மட்டும் போதாது, எம்பி வேண்டும். நூறு கிலோமீட்டர் நீளத் தொகுதியில் ஒரு முனைக்கு மட்டுமான பிரச்சினை எந்த எம்பிக்கும் வரிசையில் பின்னால்தான் நிற்கும். ஆளைக் குறை சொல்லிப் பயனில்லை.

இரண்டாம் வழி, சித்தூர் சட்டமன்றத் தொகுதியை அப்படியே பாலக்காடு மக்களவைத் தொகுதிக்கு மாற்றக் கேட்பது. டீக்கடையில் அதிகம் பேசப்படுவது இதுதான். ஆசைக்குக் காரணம் இருக்கிறது. நம் கலெக்டரேட், கல்லூரி, ரயில்வே கோட்ட அலுவலகம் எல்லாம் பாலக்காட்டில். சித்தூருக்கு வடக்கே எலப்புள்ளி, புதுச்சேரி பஞ்சாயத்துகள் மலம்புழைத் தொகுதியில். வாளையாறு சோதனைச்சாவடி அங்கேதான். இன்னும் வடக்கே அட்டப்பாடி மண்ணார்க்காட்டுத் தொகுதியில். இந்த மூன்றும் ஏற்கெனவே பாலக்காட்டு எம்பியின் கீழ். சித்தூரும் சேர்ந்தால் அட்டப்பாடியிலிருந்து மீனாட்சிபுரம் வரை கோவை மாவட்டத்தை ஒட்டிய எல்லை ஏறத்தாழ முழுவதும் ஒரே மக்களவைத் தொகுதிக்குள் வந்துவிடும். சட்டத்தில் மொழிக்கு எடை இல்லாமல் இருக்கலாம், வாக்குப் பெட்டியில் உண்டு.

ஆனால் ஏழு, ஏழாகத்தான் இருக்க வேண்டும். நாம் உள்ளே போனால் ஒருவர் வெளியே வர வேண்டும். பெரும்பாலான கோரிக்கைகள் சறுக்கும் இடம் இதுதான்: எங்களைச் சேர் என்று சொல்வார்கள், யாரை எடு என்று சொல்ல மாட்டார்கள். நிலத்தைப் பார்த்தால் ஷொர்ணூர்தான் பொருந்துகிறது. பாரதப்புழைக்கு அக்கரையில் சேலக்கரைத் தொகுதியின் செறுதுருத்தி. பாலம் தாண்டினால் போதும், வடக்காஞ்சேரிக்கு ரயிலும் சாலையும் நேராக இருக்கின்றன. சித்தூர் போய் ஷொர்ணூர் வந்தால் ஆலத்தூர்த் தொகுதியின் நீளமும் குறையும். போக்குவரத்து வசதி என்ற சட்ட வாசகத்துக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

தடை இரண்டு. ஷொர்ணூர்க்காரருக்கு இது பிடிக்க வேண்டும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அவர்களும் மனுப் போடுவார்கள். அடுத்தது தனித்தொகுதிக் கணக்கு. சித்தூர் வெளியேறினால் ஆலத்தூரில் பட்டியல் சாதியினர் விகிதம் எங்கே நிற்கும் என்று ஆணையம் கேட்கும். புதிய கணக்கெடுப்பின் பஞ்சாயத்து வாரி எண்கள் கையில் இல்லாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. விகிதம் குறைந்து அந்த ஒதுக்கீடு வேறு பக்கம் போனால் பழி நம் தலையில் விழும். விழுவதும் நியாயம்தான்.

மூன்றாம் வழி மக்களவையை விட்டுவிட்டுச் சட்டமன்றத் தொகுதியின் எல்லையைத் திருத்தக் கேட்பது. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கு இதுதான் கைக்கு எட்டுவதாகத் தெரிகிறது.

இப்போது சித்தூர்த் தொகுதியில் இருப்பவை சித்தூர்–தத்தமங்கலம் நகராட்சி, எருத்தேம்பதி, கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, நல்லேப்பிள்ளி, பெருமாட்டி, பட்டஞ்சேரி, பெருவெம்பு, பொல்புள்ளி. தெற்கே ஒட்டியிருக்கும் முதலமடை நெம்மாரைத் தொகுதியில். 2008க்கு முன் கொல்லங்கோடு என்று ஒரு தொகுதி இருந்தது. அதை நீக்கி நெம்மாரையை உண்டாக்கியபோது முதலமடை அங்கே போய்ச் சேர்ந்தது. முதலமடைக்காரர் மாங்காய் விற்பதும் மருந்து வாங்குவதும் பெரும்பாலும் பொள்ளாச்சிப் பக்கம். கோவிந்தாபுரம் சோதனைச்சாவடி அங்கே. பரம்பிக்குளம் அந்தப் பஞ்சாயத்தின் ஒரு பகுதி. காடரும் மலசரும் வாழும் அந்தக் குடியிருப்புகளுக்குப் பேருந்தில் போக வேண்டுமானால் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத்தான் போக வேண்டும். தண்ணீரும் ஒன்றே: மூலத்தறையில் திரும்பும் ஆழியாற்று நீர் கம்பாலத்தறை ஏரி வழியாக முதலமடையின் மீன்கரை அணைக்குப் போகிறது. ஒரே கால்வாயின் தலைப்பு ஓர் எம்எல்ஏவிடம், வால் இன்னொருவரிடம்.

முதலமடையைச் சித்தூரோடு சேர்த்து, பாலக்காட்டுப் பக்கம் சாய்ந்து கிடக்கும் பெருவெம்பைப் புதுநகரம் வழியாக நெம்மாரைக்குக் கொடுத்தால் எல்லைப் பஞ்சாயத்துகள் ஒரு கைக்குள் வரும். எண்ணிக்கை இடித்தால் பொல்புள்ளியையும் பேச்சில் வைக்கலாம். மாவட்ட எல்லை மாறவில்லை, பஞ்சாயத்து எதுவும் துண்டாகவில்லை, மற்ற பத்துத் தொகுதிகளில் ஒரு வார்டுகூட அசையவில்லை. ஆணையத்துக்குத் தலைவலி இல்லாத கோரிக்கை. மக்களவைத் தொகுதி சட்டமன்றத் தொகுதிகளை முழுதாக எடுத்துக் கட்டப்படுவதால், நாளை சித்தூர் எந்த மக்களவைத் தொகுதிக்குப் போனாலும் ஆழியாற்று ஆயக்கட்டு ஒன்றாகவே போகும்.

இதன் குறை, எம்பி பிரச்சினை அப்படியே இருக்கும் என்பது. குன்னங்குளம் போகாது. தண்ணீர்ச் சண்டையில் டெல்லியில் பேச ஆள் வேண்டும் என்று மேலே நானே எழுதினேன். அதற்கு இந்த வழி நேரடி மருந்து இல்லை. ஆனாலும் எல்லைப் பஞ்சாயத்துகள் பிரிந்து பேசுவதும் முதலமடையும் சேர்ந்து ஒரே குரலில் பேசுவதும் ஒன்றல்ல.

தேவிகுளம் பக்கத்து நண்பர்கள் இதைப் படித்தால் சிரிக்கலாம். அங்கே தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை மூன்றும் இடுக்கி மக்களவைத் தொகுதியில் ஒன்றாகவே இருக்கின்றன. ஆனால் மூவாற்றுப்புழை, கோதமங்கலம், தொடுபுழை என்ற கீழ்நாட்டு வாக்கும் அதில் இருக்கிறது. ஒன்றாக இருப்பது மட்டும் போதாது என்பதற்கு அவர்கள் சாட்சி. மலையும் சமவெளியும் ஒரே தொகுதியாவது இன்னும் மோசமாகப் போன இடமும் உண்டு. ஜம்மு காஷ்மீரில் அனந்தநாக்–ரஜௌரி என்று பீர் பஞ்சால் மலைக்கு இரு பக்கமும் ஒரே தொகுதியாக்கினார்கள். 2024இல் மே 7ஆம் தேதி நடக்க வேண்டிய வாக்குப்பதிவு போக்குவரத்துக் காரணம் சொல்லி மே 25க்குத் தள்ளிப்போனது.

வடக்கே ஆந்திரத்து நகரி, புத்தூர்த் தமிழர்களுக்கு வந்திருப்பது வேறு மாதிரி சிக்கல். அங்கே 2022 ஏப்ரல் 4 முதல் மாவட்டங்கள் 13இலிருந்து 26 ஆயின. மக்களவைத் தொகுதிக்கு ஒரு மாவட்டம் என்பதுதான் அடிப்படை. ஆனால் நகரி சட்டமன்றத் தொகுதியில் நகரி, நிண்ட்ரா, விஜயபுரம் சித்தூர் மாவட்டத்திலும், புத்தூர், வடமாலப்பேட்டை திருப்பதி மாவட்டத்திலும் விழுந்தன. சட்டமன்றத் தொகுதி ஒரே மாவட்டத்துக்குள் இருக்க வேண்டும் என்று அடுத்த ஆணையம் பிடிவாதம் பிடித்தால் நகரித் தொகுதி தானாகவே உடையும். தொகுதிக் கோடு வருமுன்பே மாவட்டக் கோடு பாதி வேலையை முடித்துவிடுகிறது. அசாமில் நிர்வாக எல்லைகளை 2023 ஜனவரி 1 முதல் மாற்றக்கூடாது என்று தேதி குறித்தார்கள். முந்தைய நாள் மாநில அமைச்சரவை நான்கு மாவட்டங்களைப் பழைய மாவட்டங்களோடு இணைத்தது. கேரளத்தில் புதிய தாலுகா, பஞ்சாயத்துப் பிரிப்பு என்று பேச்சு எழுந்தால் காது கொடுத்துக் கேட்பது அவசியம்.

கோரிக்கை முடிவானால் அதை எந்த வாசலில் கொடுப்பது? வரைவு ஊருக்கு வருமுன் அதைப் பார்ப்பவர்கள் ஆணையத்தின் இணை உறுப்பினர்கள். மாநிலத்துக்கு ஐந்து எம்பி, ஐந்து எம்எல்ஏ. அவர்களுக்கு வாக்கு கிடையாது, ஆணையில் கையெழுத்தும் போட முடியாது. ஆனால் மாறுபட்ட கருத்து எழுதிக் கொடுத்தால் வரைவோடு சேர்த்து அதை வெளியிட்டாக வேண்டும். காகிதத்தில் பென்சில் கோடாக இருக்கும்போதே பேசக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு அது. பத்துப் பேரில் பாலக்காட்டுக்காரர் யாராவது இருந்தால் வரைபடத்தோடு போய்ப் பார்த்துவிட வேண்டும். இல்லையென்றால் பக்கத்து மாவட்டக்காரராக இருந்தாலும் சரி.

வரைவுக்குப் பிறகு எழுத்து மனுவும் பொது விசாரணையும். விசாரணையில் மைக் பிடித்துப் பேசுவதற்குப் போட்டி இருக்கும். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஆள் கூட்டிப் போவதைவிட எண்கள் உள்ள ஒரு பக்கம் பலம். அசாமில் 1,200க்கு மேல் மனுக்கள் வந்தன. அவற்றில் ஏறத்தாழ 45 சதவீதம் இறுதி ஆணையில் கவனிக்கப்பட்டதாகத் தேர்தல் ஆணையம் சொன்னது. கூடவே ஒன்றைக் கவனியுங்கள்: வரைவுக்கும் இறுதிக்கும் இடையே 19 சட்டமன்றத் தொகுதிகளின் பெயர் மாறியது. பெயர் மாற்றுவது ஆணையத்துக்குச் செலவில்லாத சலுகை. கொழிஞ்சாம்பாறை என்று தொகுதிக்குப் பெயர் கேட்டால் ஒருவேளை கிடைக்கலாம். அதை வாங்கிக்கொண்டு திருப்தியடைந்துவிடக் கூடாது. இங்கிலாந்தில் கதை வேறு: 2021 ஜூனில் வந்த முதல் வரைவில் ஏறத்தாழ பாதித் தொகுதிகள் 2022 நவம்பரின் திருத்திய வரைவில் மாறியிருந்தன. இடையில் மக்கள் கருத்துக்கு இரண்டு சுற்று வாய்ப்பு இருந்தது. அக்கம்பக்கத் தொகுதிகளின் எண்ணிக்கையையும் போட்டு மாற்று வரைபடமாகக் கொடுத்த மனுக்களுக்கு அங்கே மதிப்பு. இங்கே சுற்று ஒன்றுதான் என்பதால் முதல் மனுவே அந்தத் தரத்தில் இருக்க வேண்டும்.

நீதிமன்றத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அரசியல் சட்டத்தின் 329ஆம் பிரிவு கதவைச் சாத்துகிறது. மேகராஜ் கோத்தாரி வழக்கில் 1966இலேயே உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2024இல் வந்த தீர்ப்பு, வெளிப்படையாகத் தான்தோன்றித்தனமான ஆணை என்றால் பார்க்கலாம் என்று சிறு இடுக்கு விட்டிருக்கிறது. ஷொர்ணூரா சித்தூரா என்பது அந்த இடுக்கில் நுழையாது.

ஆகவே என் வரிசை இது. முதலமடைக் கோரிக்கை முதல் மனு. அது தனியாக நிற்க வேண்டும், வேறு எதோடும் கட்டக்கூடாது. ஷொர்ணூர் மாற்று இரண்டாம் மனு. புதிய கணக்கெடுப்பின் எண்கள் வந்து, ஆலத்தூரின் பட்டியல் சாதி விகிதம் தாங்கும் என்று தெரிந்தால் மட்டும் போடலாம், இல்லையென்றால் மடித்து வைத்துவிடலாம். மக்களவை இடங்கள் கூடி ஏழுக்குப் பதில் ஆறு தொகுதி சேர்ந்தால் போதும் என்ற நிலை வந்தால் கணக்கே மாறும். பாலக்காட்டின் பன்னிரண்டும் கிழக்கில் ஆறு, மேற்கில் ஆறு என்று பிரிந்து, மலம்புழை, பாலக்காடு, சித்தூர், நெம்மாரை, ஆலத்தூர், தரூர் ஒரு தொகுதியாகலாம். குன்னங்குளம் திருச்சூர்ப் பக்கம் போய்விடும். அப்போது இரண்டாம் மனுவுக்கே வேலை இல்லை.

இப்போது செய்ய வேண்டிய வேலை சிறியது, ஆனால் கடினமானது. முதலமடைப் பஞ்சாயத்தும் பெருவெம்புப் பஞ்சாயத்தும் தங்கள் தீர்மானப் புத்தகத்தில் இதை எழுத வேண்டும். கொழிஞ்சாம்பாறையில் உட்கார்ந்து முதலமடையை நாம் கேட்டால் அது ஆசை. முதலமடை கேட்டால்தான் கோரிக்கை. பெருவெம்புக்காரருக்கு நெம்மாரை தூரமாகத் தெரியலாம். அவர்கள் மாட்டோம் என்றால் பொல்புள்ளியிடமும் மலம்புழைத் தொகுதிக்காரரிடமும் வேறு கணக்குப் பேச வேண்டியிருக்கும். முதலமடையே மறுத்தால் மூன்றாம் வழி அங்கேயே நின்றுவிடும். கையில் மிஞ்சுவது ஷொர்ணூர் மாற்று மட்டும். அதைப் பேச இதுவரை இங்கிருந்து யாரும் பாரதப்புழைக் கரைக்குப் போனதாகத் தெரியவில்லை.